பற்சக்கரமும் புகைக்குழலும்

ஒரு காரை விலைக்கு வாங்கி ஓட்டுவது வேறு. அதன் உறுப்புகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே பூட்டி ஓட்டுவது வேறு. முதல் வகையில், தொழிற்சாலைப் பொறியியலார் எல்லாவற்றையும் முன்னரே முடிவு செய்து விடுகிறார்கள். இரண்டாம் வகையில் அம்முடிவுகளுட் பல, வண்டியை அமைப்பவர் தலையிலேயே வந்து விழுகின்றன. அவற்றுள் இரண்டை இன்று ஆராய்வோம். எந்தப் பல்விகிதத்தைத் தேர்வது என்பது ஒன்று. புகைக்குழலின் முழக்கத்தை எவ்வாறு அடக்குவது என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற கேள்விகள் போலத் தோன்றும். ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உணரலாம்.

இத்தகைய வண்டிகளுக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உண்டு. காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் 'செவன்' என்னும் சிறு ரோட்ஸ்டரை வெளியிட்டது. ரோட்ஸ்டர் என்பது இருவர் அமரக்கூடிய, நிலையான கூரை இல்லாத கார். செவனில் கூரை மட்டுமன்று, உலோகக் கதவும் இல்லை. எஃகுக் குழாய்களால் ஆன கூட்டின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. எடை 500 கிலோகிராமை ஒட்டியதே. முழுமையாக்கப்பட்ட காருக்கு அக்காலத்தில் அந்நாட்டில் கொள்முதல் வரி விதிக்கப்பட்டது. உறுப்புகளாக விற்றால் அவ்வரி இல்லை. ஆகவே சிக்கனம் கருதியோர் பலர் உறுப்புகளை வாங்கித் தாமே பூட்டிக்கொண்டனர். 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி, மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டில் செவனை ஆக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வரிச் சலுகை மறைந்த பின்னரும், தம் கையால் ஒரு வண்டியை ஆக்க வேண்டும் என்னும் ஆர்வம் மட்டும் மறையவில்லை.

முதற் செவனில் ஃபோர்டு நிறுவனத்தின் 1172 கன சென்டிமீட்டர் எஞ்சினும், மூன்றே கியர்கள் கொண்ட பெட்டியும் இருந்தன. பின்னாளில் ஐந்து கியர்ப் பெட்டியும் ஆறு கியர்ப் பெட்டியும் வந்தன. பின்னச்சில் பொருத்தும் கிரௌன்-பினியன் இணையிலும் பல வகைகள் கிடைக்கலாயின. தேர்வு பெருகியதுபோலவே குழப்பமும் பெருகியது.

பல்விகிதம் என்பது யாது? நாம் நாள்தோறும் காணும் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பெடலோடு இணைந்த சக்கரத்தில் 48 பற்களும், பின்சக்கரத்தோடு இணைந்ததில் 16 பற்களும் இருப்பின், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் மூன்று முறை சுழலும். காரில் இம்முறை தலைகீழாக நிகழ்கிறது. எஞ்சின் பல முறை சுழல, சக்கரம் சில முறையே சுழல்கிறது. சுழற்சி எத்தனை மடங்கு குறைகிறதோ, ஏறத்தாழ அத்தனை மடங்கு திருப்புவிசை கூடுகிறது. இக்குறைப்பு ஈரிடங்களில் நடைபெறுகிறது. முதலிடம் கியர்ப் பெட்டி. ஓட்டுபவர் விருப்பம்போல் அதை மாற்றலாம். இரண்டாமிடம் பின்னச்சிலுள்ள கிரௌன்-பினியன். ஒருமுறை பூட்டிய பின் அது நிலையானது. இவ்விரு எண்களையும் பெருக்கினால் வருவதே மொத்த விகிதம்.

கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். 13 அங்குல விளிம்பில் ஏற்றிய சிறிய டயர் ஒன்று, ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.7 மீட்டர் தூரம் உருளும் எனக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நிமிடத்திற்கு 1667 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்திற்கு 980 முறை சுழல வேண்டும். செவன் வகை வண்டிகளில் பல ஆண்டுகள் வழங்கிய ஃபோர்டு ஐந்து கியர்ப் பெட்டியின் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82 என்பன. அவற்றோடு 3.92 கிரௌன்-பினியனை இணைத்தால், ஐந்தாம் கியரில் மொத்த விகிதம் 3.21 ஆகும். 980ஐ அதனால் பெருக்க, எஞ்சின் நிமிடத்திற்கு 3150 சுற்றுகள் சுழலும் என்பது கிடைக்கிறது. 3.92க்கு மாற்றாக 3.14 விகிதம் உடையதைப் பூட்டினால் அதே வேகத்தில் எஞ்சின் 2520 சுற்றுகளே சுழலும்.

இதைக் கேட்டதும், "குறைந்த சுழற்சியே நல்லதல்லவா? எஞ்சினுக்கு ஓய்வு, எரிபொருளும் மிச்சம்" என்று ஒருவர் எண்ணலாம். அவர் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் 6500 சுற்றுகள் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 3.14 விகிதத்தில், ஐந்தாம் கியரில், அச்சுழற்சிக்கு உரிய வேகம் மணிக்கு 257 கிலோமீட்டர் என்று வரும். அது தாளில் மட்டுமே உள்ள வேகம். செவனின் உடல் காற்றைக் கிழித்துச் செல்ல ஏற்ற வடிவம் உடையதன்று. திறந்த சக்கரங்களும், நிமிர்ந்த கண்ணாடியும், வெளியே தெரியும் தலைகளும் காற்றோடு மல்லுக்கு நிற்கின்றன. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. வேகம் இருமடங்காயின் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். ஆகவே நடுத்தர எஞ்சின் உள்ள ஒரு செவனில் அந்த வேகத்தை எட்டவே முடியாது. 3.92 விகிதத்தில் இதே கணக்கு மணிக்கு 206 கிலோமீட்டர் என்று முடிகிறது. அது வண்டியின் உண்மையான இயல்புக்கு மிக நெருங்கியது. ஒவ்வொரு கியரும் பயன்படுகிறது. எட்ட முடியாத வேகத்திற்காகப் பல்லைத் தேர்ந்தவர், எட்டக்கூடிய வேகங்களில் எல்லாம் விறுவிறுப்பை இழக்கிறார்.

கிரௌன்-பினியனை மாற்றுவதால் தீராத குறை ஒன்றும் உண்டு. அது எல்லாக் கியர்களையும் ஒரே அளவில் உயர்த்தும் அல்லது தாழ்த்தும். கியர்களுக்கு இடையேயுள்ள இடைவெளியை மாற்றாது. மேலே கண்ட ஐந்து கியர்ப் பெட்டி, செவனைப்போல் இருமடங்கு எடையுள்ள குடும்பக் காருக்காக ஆக்கப்பட்டது. கனத்த வண்டியை நின்ற நிலையிலிருந்து கிளப்ப 3.65 என்னும் முதற் கியர் வேண்டும். எடை குறைந்த செவனிலோ அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், 3.92 கிரௌன்-பினியனோடு, 6500 சுற்றுகளில் மணிக்கு 46 கிலோமீட்டர்தான் வரும். இரண்டாம் கியருக்கு மாற்றியதும் எஞ்சின் 6500இலிருந்து 3500 சுற்றுகளுக்கு வீழ்ந்து, மூச்சு வாங்கி எழ வேண்டியிருக்கும். மாடிப்படியில் முதற்படி மட்டும் இருமடங்கு உயரமாக இருந்தால் ஏறுவோர் இடறுவதை ஒத்தது இது.

இக்குறையை நீக்கவே நெருங்கிய விகிதங்கள் உடைய ஆறு கியர்ப் பெட்டி அமைக்கப்பட்டது. அதன் விகிதங்கள் 2.69, 2.01, 1.59, 1.32, 1.13, 1.00 என்பன. முதலிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும்போது சுழற்சி 6500இலிருந்து 4860க்கே இறங்கும். வளைவும் திருப்பமும் மிகுந்த பந்தயக் களத்தில் இதைவிட இன்பமான பெட்டி இல்லை எனலாம். ஆனால் அதன் ஆறாம் கியர் 1.00 என்பதை மறத்தலாகாது. பழைய பெட்டியின் ஐந்தாவதான 0.82 அதில் இல்லை. பிரிட்டனின் மோட்டார் நெடுஞ்சாலை வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 113 கிலோமீட்டர். 3.92 விகிதத்தோடு அவ்வேகத்தில், ஐந்து கியர்ப் பெட்டியில் எஞ்சின் 3550 சுற்றுகள் சுழலும். ஆறு கியர்ப் பெட்டியிலோ 4330. கியர் ஒன்று கூடியிருந்தும், நெடும்பயணத்தில் எஞ்சின் கூடுதலாகவே உழைக்கிறது. பலர் வியந்து கைபிசையும் இடம் இதுவே. கியர்களின் எண்ணிக்கை ஓய்வைத் தருவதில்லை. கடைசிக் கியரின் விகிதமே தருகிறது.

இந்த இடத்தில்தான் பற்சக்கரமும் புகைக்குழலும் கைகோக்கின்றன. நான்கு உருளைகள் உள்ள நான்கடி எஞ்சினில், ஒரு சுற்றுக்கு இரு முறை வெடிப்பு நிகழ்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் முடிவிலும் வெப்பமான வாயு குழாய்க்குள் பாய்ந்து ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. நிமிடத்திற்கு 3550 சுற்றுகள் என்றால் வினாடிக்கு 118 அலைகள். 4330 சுற்றுகள் என்றால் 144 அலைகள். ஆக, நாம் எந்தப் பல்லைத் தேர்கிறோமோ அதுவே, நாள் முழுதும் நம் செவியில் ஒலிக்கப்போகும் சுருதியையும் தேர்ந்து விடுகிறது. வண்டியின் குரலைக் கியர்ப் பெட்டி தீர்மானிக்கிறது என்று கூறினாலும் தவறாகாது.

அக்குரலை அடக்கும் கருவியே சைலன்சர். அதில் இரு வகை உண்டு. முதல் வகையில், உட்குழாய் முழுதும் சிறு துளைகள் இடப்பட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ அடர்த்தியாகத் திணிக்கப்பட்டிருக்கும். ஒலி துளை வழியே இழைகளுக்குள் புகுந்து, உராய்வினால் வெப்பமாக மாறி அழிகிறது. வாயுவின் பாதை நேராக இருப்பதால் எஞ்சினின் ஆற்றல் அதிகம் குறைவதில்லை. ஆயினும் இவ்வகை, கீச்சென்னும் உயர்ந்த ஒலிகளை நன்கு விழுங்குமேயன்றி, தாழ்ந்த முழக்கத்தை எளிதில் விழுங்காது. அதற்குப் பருத்த, நீண்ட உறை வேண்டும். மேலும், வெப்பத்தாலும் வாயுவின் வேகத்தாலும் இழைகள் நாளடைவில் கருகி வெளியேறும். அப்போது உறை வெறுங்கூடாகி, புதிதில் அமைதியாக இருந்த வண்டி உறுமத் தொடங்கும். ஆண்டுதோறும் சோதித்து, தேவையாயின் மீண்டும் இழை திணிப்பதே அதற்கு மருந்து.

இரண்டாம் வகையில், உறைக்குள் அறைகளும் தடுப்புகளும் அமைந்திருக்கும். அலை ஓர் அறையில் மோதித் திரும்பி, பின்னே வரும் அலையோடு எதிர்ப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளை அடக்க இது வல்லது. ஆனால் வாயு வளைந்து வளைந்து செல்வதால் எதிரழுத்தம் பிறந்து ஆற்றல் சிறிது குறையும். செவனின் ஒடுங்கிய உடலில் பெரிய உறைக்கு இடமும் இல்லை. உடலின் பக்கவாட்டில், அமர்ந்திருப்பவரின் முழங்கைக்கு அருகிலேயே சைலன்சர் ஓடுவதுண்டு.

மூன்றாவதான உபாயம் ஒன்றும் உண்டு. ஒரு முனை அடைத்த குழாயைப் புகைக்குழலின் பக்கத்தே கிளையாக இணைப்பது அது. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால், அதன் அளவுக்கு ஏற்ற ஒரே சுருதி எழுவதை நாம் அறிவோம். அடைத்த கிளைக்குழாயும் அவ்வாறே ஒரு சுருதிக்கு மட்டும் இசைந்து, அதனை உள்வாங்கி எதிரலையாகத் திருப்பி அனுப்பி அழிக்கும். அதன் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும். 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் செல்கிறது. 118 அலைகளின் சுருதிக்குக் கிளையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். 144 அலைகளுக்கு 83 சென்டிமீட்டர். பல்லை மாற்றினால் சுருதி மாறும். சுருதி மாறினால் முன்பு அளந்து வெட்டிய கிளை பயனற்றுப் போகும். ஆகவே பல்லை முதலில் முடிவு செய்து, குழலைப் பின்னர் அமைப்பதே முறை.

இனி, ஓசையை அளக்கும் முறையைக் காண்போம். பிரிட்டனில் வீட்டில் அமைத்த வண்டி சாலைக்கு வருமுன் ஒப்புதல் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து, உச்ச ஆற்றலுக்கு உரிய சுழற்சியின் முக்கால் பங்கில் எஞ்சினை ஓட்டி, புகைக்குழலின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைச் சாய்வில் அளவி வைக்கப்படுகிறது. வரம்பு 99 டெசிபெல். பந்தயக் களங்களிலும் இதை ஒத்த முறையே வழங்குகிறது. வரம்பு மட்டும் களத்திற்குக் களம் மாறும்.

டெசிபெல் என்னும் அளவை சாதாரண ஏணியைப் போன்றதன்று. 3 டெசிபெல் ஏறினால் ஒலியாற்றல் இருமடங்கு. 10 டெசிபெல் ஏறினால் பத்து மடங்கு. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரிலிருந்து 64 மீட்டர் செல்வதற்குள் தொலைவு ஏழு முறை இரட்டிக்கிறது; எனவே 42 டெசிபெல் குறைந்து, 99 என்பது 57 ஆகிறது. தனி வண்டிக்கு இது பெரிதன்று. ஒரே அளவு முழங்கும் பத்து வண்டிகள் சேர்ந்து ஓடினாலோ 10 டெசிபெல் மீண்டும் ஏறி விடும்.

இத்தேர்வில் இரு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, வண்டி நின்றிருப்பதால் கியர்களின் விகிதம் இதில் தலையிடுவதே இல்லை. சாலையில் ஓடும்போதுதான் அதன் விளைவு தெரியும். ஓடும் வண்டியை ஓரத்திலிருந்து அளக்கும் களங்களில், அனுபவம் மிக்கோர் அளவியைக் கடக்குமுன் ஒரு கியர் உயர்த்தி, சுழற்சியைத் தாழ்த்தி விடுவர். இரண்டாவது, இவ்வளவி மனிதச் செவியின் போக்கைத் தழுவி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே எண்ணுகிறது. வினாடிக்கு 100 அலைகள் உள்ள ஒலியை அது 19 டெசிபெல் தள்ளியே கணக்கில் கொள்ளும். எனவே தேர்வில் எளிதாகத் தேறிய வண்டி, நெடுஞ்சாலையில் ஒரே சீராக உறுமி, ஓட்டுபவருக்குத் தலைநோவைத் தருவதுண்டு. அளவி மன்னித்ததை உடம்பு மன்னிப்பதில்லை. குழலை உடலோடு இரும்பால் இறுக்காமல் ரப்பர்த் தாங்கிகளில் தொங்கவிட்டால், அந்த உறுமல் தகடுகளில் பரவுவது குறையும்.

ஓசை என்பது ஓட்டுபவரோடு முடிந்து விடும் செய்தியும் அன்று. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயக் களம் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதே மாத இறுதியில் எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் அங்கே 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, 1581 மைல்களைக் கடந்தார். அருஞ்செயல்தான், ஆனால் அன்றிரவு அண்டையில் உறங்க முயன்றோரின் நிலை யாது? அவர்கள் எழுப்பிய எதிர்ப்பால் அங்கே இரவோட்டம் நின்றது. 1929இல் 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியபோது, அதைப் பகலுக்குப் பன்னிரண்டு மணியாக இரு நாட்களுக்குப் பிரித்தே நடத்த முடிந்தது. 1920களில் அண்டையார் நீதிமன்றத்தை நாடிய பின், அக்களத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பெரிய சைலன்சர் கட்டாயமாயிற்று. நூறாண்டு கழிந்தும் இக்கதை முடியவில்லை. வட யார்க்ஷயரிலுள்ள குரோஃப்ட் களத்தைப் பற்றிய வழக்கில் 2009ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு வரம்புக்கு மேல் ஓசை எழுப்பும் ஓட்டங்களை ஆண்டுக்கு 40 நாட்களுக்குள் அடக்கித் தீர்ப்பளித்தது. சில வண்டிகள் பொறுப்பின்றி முழங்கினால், எல்லா வண்டிகளுக்கும் களத்தின் கதவு அடைபடக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன.

ஓட்டுபவரின் செவிக்கும் இதில் பங்கு உண்டு. 85 டெசிபெல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்பதும் செவிநலம் காப்போர் பின்பற்றும் விதிகளுள் ஒன்று. அதன்படி 94 டெசிபெல்லை ஒரு மணி நேரமும், 100 டெசிபெல்லைக் கால் மணி நேரமுமே கேட்கலாம். கூரையற்ற வண்டியில் புகைக்குழலோடு காற்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. சைலன்சரால் காற்றை அடக்க இயலாது. ஆகவே நெடும்பயணத்தில் செவியடைப்பான் அணிவது கோழைத்தனம் அன்று, அறிவுடைமை. இழந்த செவித்திறன் எந்தக் கடையிலும் உதிரி உறுப்பாகக் கிடைப்பதில்லை.

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, வண்டியை அமைக்க விழைவோர் பின்பற்ற வேண்டிய வரிசை தெளிவாகும். முதலில், இவ்வண்டியை எங்கே ஓட்டப்போகிறேன் என்று தம்மையே உண்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டில் சில நாள் களத்திலும் பெரும்பாலும் சாலையிலும் ஓட்டுபவருக்கு 0.82 போன்ற ஓய்வான கடைசிக் கியர் வேண்டும். களத்திலேயே ஓட்டுபவருக்கு நெருங்கிய விகிதங்கள் வேண்டும். அதன்பின் டயரின் சுற்றளவை அளந்து, வழக்கமாகச் செல்லும் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று சுழலும் என்று கணக்கிட வேண்டும். அந்த எண்ணிலிருந்து சுருதியை அறிந்து, அதற்கு ஏற்ற சைலன்சரை அமைக்க வேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முழக்கத்தில் மயங்கிக் குழலை முதலில் வாங்கியவர், பின்னர் இரு முறை செலவு செய்ய நேரும்.

மாணவர்களே, இதற்கு வேண்டிய கணிதம் பெருக்கலும் வகுத்தலுமே. வேண்டிய பௌதிகம் நீங்கள் பள்ளியில் பயின்ற ஒலியியலே. ஒரு சைக்கிளின் பற்களை எண்ணுவதிலிருந்து நீங்களும் தொடங்கலாம். ஒரு பொறியின் ஓர் உறுப்பில் நாம் செய்யும் தேர்வு வேறோர் உறுப்பில் விளைவாக வெளிப்படும் என்பதையும், அவ்விளைவு நம் வேலியோடு நின்றுவிடாமல் அடுத்த வீட்டாரின் உறக்கம் வரை செல்லும் என்பதையும் உணர்ந்து அமைப்பவரே நல்ல பொறியாளர் ஆவார்.